நாலு மணிக்குப் பார்த்த ருசி

தரமணி
12 மார்ச் 2026, வியாழன்

ரோஸிக்கு,

எனக்கு மறதி வந்துவிட்டது என்று நம் கட்டடத்தில் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். திருத்திக்கொள்ளச் சொல். எனக்கு எழுபத்துமூன்று வயது. மறதி இல்லை. சர்க்கரை என்று நினைத்து உப்பை அள்ளிப் போட்டுச் சம்பந்திக்குக் குடிக்கக் கொடுத்தேன் என்பதும் பொய். அவர் சர்க்கரை நோயாளி. அந்தத் தேநீரில் நான் சர்க்கரையே சேர்ப்பதாக இல்லை. சேர்க்காத சர்க்கரைக்குப் பதிலாக உப்பை எப்படிப் போட்டிருப்பேன் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

போனில் பேசாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இங்கே மகன் வீட்டில் நான் போனை எடுத்தால் மருமகள் சிம்ரா அறைக்கு வெளியே நிற்கிறாள். நாளைக்கு நான் "ரோஸி இப்படிச் சொன்னாள்" என்றால், "அப்படியா சொன்னாங்க, நல்லா ஞாபகம் இருக்கா மாமி?" என்பாள். காகிதத்தில் இருப்பதை யாரும் அப்படிக் கேட்க முடியாது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். தவறு இருந்தால் சொல்.

போன வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் குழாயில் தண்ணீர் பிடித்தேன். கேன் தண்ணீர் என் வீட்டுக்குள் வந்ததில்லை, அது உனக்குத் தெரியும். கொதிக்கவைத்து, மூடி, ஆறவைத்தேன். இலையைச் சூடு காட்டாமல் ஊறவைக்கும் தேநீருக்குத் தண்ணீராவது முதலில் கொதித்திருக்க வேண்டும். பலர் இதில்தான் தவறு செய்கிறார்கள். இரவு பத்து மணிக்கு, இரண்டு லிட்டர் தண்ணீருக்குப் பத்து டீஸ்பூன் நீலகிரித் தேயிலை, கண்ணாடி ஜாடியில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். தூள் அல்ல, முழு இலை. தூள் கலங்கிவிடும். ஊறும்போது மூடியைத் திறப்பதில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வெள்ளைத் துணியில் வடிகட்டினேன். பிழியவில்லை, பிழிந்தால் துவர்ப்பு இறங்கும். நான் நோன்பு. நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு நீ வந்தாய், என் வீட்டு நோன்பு விருந்துக்கு எப்போதும் வருவதுபோல. கஞ்சியில் இஞ்சி போதாது என்றாய். சேர்த்தேன். பிறகு ஜாடியிலிருந்து அரை டம்ளர் ஊற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாய். "நல்லா இருக்கு அன்வரி" என்றாய். ஜாடி மறுபடி ஃபிரிட்ஜுக்குப் போனது.

ஆறு இருபதுக்குப் பாங்கு. பேரீச்சம்பழம் ஆனதும் முதல் டம்ளரை ஷாஹுல் ஹமீதுக்குக் கொடுத்தேன். சிம்ராவின் தகப்பனார், வந்தவர்களில் மூத்தவர், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். நாள் முழுவதும் தண்ணீர் படாத தொண்டை. ஒரே மூச்சில் பாதி போய்விட்டது. மீதியை ஏன் குடித்தீர்கள் என்று மருத்துவமனையில் கேட்டார்களாம். "சம்பந்தி அம்மா எதிர்ல நின்னாங்க" என்றாராம். அடுத்த டம்ளரை வாயில் வைத்த சிம்ரா துப்பிவிட்டாள். கடல் தண்ணீர் மாதிரி இருந்தது என்றாள். அதற்குள் அவர் வாந்தி எடுத்து மயங்கிவிட்டார். இரண்டு நாள் அங்கே வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது நலம், இறைவன் காப்பாற்றினான்.

ஹஸன் அன்று இரவு உன்னை மாடிப்படியில் நிறுத்திக் கேட்டான். நாலு மணிக்கு ருசி பார்த்தேன், நன்றாக இருந்தது என்று சொன்னாய். ஆகவே உப்பு விழுந்தது நாலு மணிக்குப் பிறகு. நாலு மணிக்குப் பிறகு சமையலறையில் இருந்தது நான் ஒருத்தி. என் மகன் இன்ஜினீயர். அவனுக்கு இது போதும்.

இரண்டு நாளைக்கு என்று சொல்லி இங்கே அழைத்து வந்தான். நேற்று, இனிமேல் இங்கேயே இருங்கள் என்கிறான். ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து என் வீட்டை வாடகைக்கு விடப்போகிறானாம். அவன் அத்தா இறந்த பிறகு ஒன்பது வருஷமாக யார் தயவும் இல்லாமல் நான் நடத்தி வந்த வீடு.

உன்னிடம் ஒரே கேள்வி. நீ குடித்தபோது அந்தத் தேநீர் எப்படி இருந்தது?

அன்வரி பேகம்


சாந்தோம்
15 மார்ச், ஞாயிறு

அன்பு அன்வரி,

உன் கடிதம் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கிற மாதிரி இருந்தது. நம் கிளாஸ் சிஸ்டர் பார்த்திருந்தால் பத்துக்குப் பத்து போட்டிருப்பார். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அந்த வீட்டில் லிஃப்ட் வேலை செய்கிறதா? நீ என்னைக் கேட்கவில்லை, நானாவது கேட்கிறேன்.

கட்டடத்தில் பேசத்தான் செய்கிறார்கள். மீன் கொண்டுவரும் குப்பம்மா படிக்கட்டில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னா ரோஸிம்மா, அந்த பாய் வூட்டு அம்மாவுக்கு உப்பு எது சக்கர எதுன்னு தெரியாம பூட்ச்சாமே, நெசமா?" என்று கேட்டாள். உன் வேலையைப் பார் என்றேன். "என் வேலையே அதான், உப்புல போட்றது" என்று சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை ஹஸன் ஒரு இளம் ஜோடியோடு வந்திருந்தான். தரமணியில் வேலையாம். அந்தப் பெண் உன் சமையலறை ஜன்னலை டேப் வைத்து அளந்தாள். திரைச்சீலைக்காக இருக்கும். நான் மேலே நின்று பார்த்தேன்.

நீ கேட்ட கேள்விக்கு, ஹஸனிடம் என்ன சொன்னேனோ அதுதான்.

ஆனால் நானும் ஒன்று கேட்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக நாலு மணிக்கு இறங்கி வருகிறேன். நின்றபடியே ருசி பார்க்கிறேன். நாலரைக்கு மேலே ஏறிவிடுகிறேன். ஆறரைக்குக் கீழே தட்டுச் சத்தமும் பேச்சுச் சத்தமும் கேட்கும். ஏழு மணிக்குத் தூக்குச்சட்டியில் கஞ்சி வரும். ஒரு வருஷமாவது "ரோஸி, உட்கார்" என்று அந்த மேஜையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறாயா?

அன்றைக்கு நான் உள்ளே வந்தபோது நீ சிம்ராவின் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாய். "ருசி பாக்க மாடியில ஒரு ஆள் உண்டு" என்றாய். என்னைப் பார்த்த பிறகும் அந்த வார்த்தையை நீ மாற்றவில்லை. என் அப்பா வலை இழுத்தவர்தான். ஆனால் எட்டு வருஷம் உன் பெஞ்சில் உட்கார்ந்துதான் படித்தேன்.

ரோஸி


தரமணி
18 மார்ச், புதன்

ரோஸிக்கு,

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். என் கேள்விக்கு அதில் ஒரு வரி. அந்த வரியிலும் பதில் இல்லை. "ஹஸனிடம் என்ன சொன்னேனோ அதுதான்" என்று எழுதுகிறவள், "நன்றாக இருந்தது" என்று ஏன் எழுதவில்லை? அது இதைவிடச் சின்ன வாக்கியம்.

திங்கட்கிழமை ஹஸன் என்னைத் தேனாம்பேட்டையில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப்போனான். சின்னப் பையன். இன்று என்ன கிழமை என்று கேட்டார். சொன்னேன். மூன்று சாமான்களின் பெயரைச் சொல்லிவிட்டு, ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டார். சொன்னேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். நான் நிறுத்தாமல் போனதில் அவர்தான் இடையில் தவறவிட்டார், திருத்தினேன். வெளியே வந்து ஹஸனிடம் ஏதோ தனியாகப் பேசினார். ஹஸன் என்னிடம் சொன்னது, "வயசானா சகஜம்தானாம்மா." எது சகஜம் என்று கேட்டேன். காரைத் திறந்தான்.

இங்கே சமையலறையில் சிம்ரா எல்லா டப்பாவிலும் பெரிய எழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறாள். உப்பு. சர்க்கரை. ரவை. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதனால் சண்டை போடவும் முடியவில்லை.

இப்போது கவனமாகப் படி. வடிகட்டிய தேயிலையை நான் எறிவதில்லை. தட்டில் பரப்பிக் காயவைத்துச் செருப்பு அலமாரியில் வைப்பேன், வாடை போவதற்கு. அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வடிகட்டிய இலை என் சமையலறை ஜன்னலில், எவர்சில்வர் தட்டில் இருக்க வேண்டும். உன்னிடம் என் வீட்டுச் சாவி இருக்கிறது. திறந்து, அந்த இலையில் ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்.

உப்பு கரிக்கவில்லை என்றால், நாலு மணிக்குப் பிறகு நான்தான் ஏதோ செய்திருக்கிறேன். ஒப்புக்கொண்டு, என் துணிமணிகளை இங்கே எடுத்து வரச் சொல்லிவிடுகிறேன்.

கரித்தால், காலை பத்து மணிக்கு முன்பே அதில் உப்பு இருந்தது. அப்படியானால் நாலு மணிக்கு நீ என்ன குடித்தாய் என்று நீதான் சொல்ல வேண்டும்.

பெருநாளுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. முதல் தேதிக்குப் பதினாலு நாள்.

அன்வரி பேகம்


சாந்தோம்
22 மார்ச், ஞாயிறு

அன்வரி,

நேற்று உனக்குப் பெருநாள். கட்டடத்தில் பிரியாணி வாசனை இல்லாத முதல் பெருநாள்.

உன் கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்தேன். இன்று பூசை முடிந்து வந்ததும் உன் வீட்டைத் திறந்தேன். தட்டு நீ சொன்ன இடத்திலேயே இருந்தது. நான் வாயில் போடவில்லை. குப்பம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். மென்றுவிட்டு, தொட்டியில் துப்பிவிட்டு, "இன்னாம்மா இது, கருவாடு அலசுன தண்ணில ஊற வெச்சியா?" என்றாள்.

நான் ஏன் வாயில் போடவில்லை என்பதுதான் உன் கேள்விக்குப் பதில்.

இந்தத் தவக்காலத்துக்கு நான் தேநீரை விட்டிருக்கிறேன். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை ஒரு துளி இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து தடவை குடிக்கிறவள், தெரியும் உனக்கு. என் மகன் ஏசுராஜுக்காக நேர்ந்துகொண்டது. அவன் குடியை விட்டு ஏழு மாசம் ஆகிறது. குடித்தான் என்பதே இந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. கப்பலில் இருக்கிறான் என்று நான் சொன்ன மாசங்களில் அவன் கப்பலில் இல்லை. அவன் ஒன்றை விட்டான், நானும் ஒன்றை விட வேண்டும் என்று தோன்றியது. ஒருசந்தி நோன்பு இருப்பதை வெளியே சொல்லிக்கொண்டு திரியக்கூடாது என்று சாமியார் சாம்பல் பூசும்போது சொன்னார். சொல்லாமல் இருந்தால்தான் பலிக்கும் என்று நான் பிடித்துக்கொண்டேன்.

அன்று நீ காலி டம்ளரை நீட்டினாய். குடிக்க மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாய். நீ விடமாட்டாய். ஜன்னல் பக்கம் திரும்பி, உதட்டருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். நல்ல வாசனை. அப்படியே தொட்டியில் ஊற்றினேன். அன்வரி போட்ட தேநீர் எந்த வருஷம் கெட்டது, இதில் என் நாக்கு என்ன கண்டுபிடிக்கப்போகிறது என்று நினைத்தேன். அந்தப் போன் பேச்சும் மனசில் இருந்தது. ஆள்தானே, ஆள் சொன்னால் போதும் என்றும் நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

இரவு ஹஸன் கேட்டபோது சிம்ரா அழுதுகொண்டிருந்தாள். இல்லை, நான் குடிக்கவே இல்லை என்று எப்படிச் சொல்வது? பார்த்தேன் என்று வாய் சொல்லிவிட்டது. அது உன் தலையில் போய் விழும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் தோன்றியது. அப்போதும் சும்மா இருந்தேன்.

உப்பு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிட்டது. போர் தண்ணீர் உப்புப் படிகிறது என்று கீழே ஒரு மிசின் வைத்தார்களே, அதற்கு மாசம் ஒரு தடவை மூட்டை உப்பு போட்டு, பிறகு கழுவி விட வேண்டுமாம். வாட்ச்மேன் அங்கமுத்துவைக் கேட்டேன். "வெள்ளிக்கெயம மத்தியானம் கொட்னேன்மா. ஊர்லேந்து போன் வந்துச்சு, கழுவி வுட மறந்துட்டேன். நைட்டுதான் வுட்டேன். யாருமே கேக்கல." யாரும் கேட்காததற்குக் காரணம், எல்லோரும் குடிப்பது கேன் தண்ணீர். நீ அன்று நோன்பு திறந்தது காலையிலேயே பிடித்து வைத்த தண்ணீராக இருக்கும். அன்று சாயங்காலம் முகம் கழுவும்போது எனக்குக் கண் எரிந்தது. சோப்பு என்று நினைத்தேன்.

ஈஸ்டர் ஏப்ரல் ஐந்தாம் தேதி. அன்று பூசை முடிந்ததும் நானே தரமணிக்கு வந்து ஹஸனிடம் எல்லாம் சொல்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள். நாற்பது நாளில் முக்கால்வாசி போய்விட்டது, அன்வரி. இப்போது உடைக்கச் சொல்லாதே.

ரோஸி


தரமணி
25 மார்ச், புதன்

ரோஸிக்கு,

ஏப்ரல் ஐந்தாம் தேதி என் சமையலறையில் வேறொரு பெண் சமைத்துக்கொண்டிருப்பாள். திரைச்சீலையும் மாட்டியிருப்பாள். அன்று நீ உண்மையைச் சொன்னால் எல்லோரும் வருத்தப்படுவார்கள். அதற்குமேல் ஒன்றும் நடக்காது.

தேயிலையையும் அங்கமுத்துவையும் பற்றி ஹஸனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "சரிம்மா, ஆனா ரோஸி ஆன்ட்டி நாலு மணிக்கு நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்களே" என்றான். எந்தப் பக்கம் போனாலும் உன் வாக்கில்தான் வந்து முட்டுகிறேன். உன் நேர்ச்சையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நான் சொன்னால் அதையும் கற்பனை என்பார்கள்.

ஏசுராஜைப் பற்றி நீ என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றாதபடி நான் நடந்துகொண்டிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. "ஆள்" என்று சொன்னேன். நீ கேட்டுவிட்டாய் என்பதும் அப்போதே எனக்குத் தெரியும். திருத்தினால் தவறு என்று ஆகிவிடும் என்று திருத்தவில்லை. நாற்காலி போடாததற்குக் காரணம் தேடிப் பார்த்தேன். நல்ல காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. குடும்பத்தார் மட்டும் என்று முதல் வருஷம் வைத்தேன், பிறகு அப்படியே விட்டுவிட்டேன். உன் நாக்கை நம்பிய அளவுக்கு நான் வேறு யாரையும் நம்பியதில்லை. அது மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாகாது. மன்னித்துக்கொள்.

ஆனால் இதையும் அதையும் சேர்க்காதே. நீ பட்ட அவமானத்துக்கு என் வீடு ஈடாகாது.

தேநீரைக் குடி என்று நான் கேட்கவில்லை. உன் நோன்பை உடை என்றும் கேட்கவில்லை. "நான் அன்று ருசி பார்க்கவில்லை" என்று ஹஸனுக்கு ஒரு வரி. காரணம் வேண்டாம். என்னைப் பொய்க்காரி என்று நினைப்பானே என்று பயப்படுகிறாய். பதினெட்டு நாளாக என்னைப் புத்தி கெட்டவள் என்று நினைக்கிறார்கள். அதையும் ஒருத்தி தாங்கிக்கொண்டுதான் இருக்கிறாள்.

அன்வரி


சாந்தோம்
28 மார்ச், சனி

அன்வரி,

இன்று காலை ஹஸன் அந்த ஜோடியோடு மறுபடி வந்தான். சாவி கொடுக்கத்தான் வந்தான் என்று நினைக்கிறேன். நான் கீழே இறங்கி உன் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

ஒரு வரி எழுதலாம் என்றுதான் இருந்தேன். வாயைத் திறந்ததும் எல்லாமே வந்துவிட்டது. குடிக்கவில்லை என்பது, நேர்ச்சை, ஏசுராஜ், கப்பல், தொட்டியில் ஊற்றியது. தெரியாத அந்தப் பெண் முன்னாலேயே. அவள் தன் கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

ஹஸன் படியில் உட்கார்ந்துவிட்டான். "ஆன்ட்டி, இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றான், கோபமாக அல்ல. அவன் தலைமுடி இவ்வளவு நரைத்திருப்பதை நான் இன்றுதான் பார்த்தேன். பிறகு போனை எடுத்து, வீடு இப்போது கிடையாது என்று அவர்களிடம் சொன்னான். செவ்வாய்க்கிழமை உன்னைக் கொண்டுவந்து விடுகிறேன் என்றான்.

இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் ஒரு தடவை பாதியை மறைத்துவிட்டுப் பட்டது போதும்.

எழுந்து போகும்போது ஹஸன் கேட்டான். "உப்பு விஷயத்த விடுங்க ஆன்ட்டி. தினமும் அம்மாவப் பாக்கறது நீங்கதான். மத்தபடி அம்மா நல்லா இருக்காங்களா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே ஒரு ஆட்டோ திரும்புகிற நேரம் இருக்கும். பிறகு "நல்லாதான் இருக்கா" என்றேன். அவன் என் முகத்தையே பார்த்தான். நாலு மணிக்கும் நான் இதையேதான் சொன்னேன், இல்லையா? அவனும் அதைத்தான் நினைத்திருப்பான். இறங்கிப் போனான்.

செவ்வாய்க்கிழமை வா. வீட்டைப் பெருக்கித் துடைத்து வைக்கிறேன்.

ரோஸி


சாந்தோம்
1 ஏப்ரல் 2026, புதன்

அன்புள்ள ரோஸி,

நேற்று மாலை வந்து சேர்ந்தேன். பாலும் காய்கறியும் வாங்கி வைத்திருந்தாய். நன்றி. நீ கதவைத் தட்டியது கேட்டது. திறக்கவில்லை. கோபம் இல்லை. முதலில் இதை எழுதி முடிக்க வேண்டும் என்று இருந்தேன்.

உன் கடைசிக் கடிதத்தை நாலு தடவை படித்தேன். என் வீட்டை எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறாய். உன் மகனின் பெயரை அதற்கு விலையாக வைத்தாய். அதை நான் மறக்கமாட்டேன். ஏசுராஜைப் பற்றி இந்தக் கட்டடத்தில் யாராவது வாயைத் திறந்தால் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்தது அதை அல்ல. ஒரு ஆட்டோ திரும்புகிற நேரம். அவ்வளவு நேரம் நீ ஏன் யோசித்தாய்?

ஹஸன் என்னை இறக்கிவிட்டுப் போகும்போது, மூன்று மாசம் பார்க்கலாம் என்றான். எதைப் பார்க்கப்போகிறான் என்று கேட்கவில்லை. அவனிடம் கேட்கவும் மாட்டேன். அவன் சொன்னால் எனக்கு வலிக்கக் கூடாது என்று பாதியைச் சொல்லுவான். சிம்ரா இன்னும் கொஞ்சம் சீட்டு ஒட்டுவாள். அந்த மருத்துவர் என்னிடம் கிழமை கேட்டார், நான் சொன்னேன். தினமும் என்னைப் பார்க்காதவர் என்னைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

மூன்று வாரமாக, உப்பை நான் போடவில்லை என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன். நிரூபித்துவிட்டேன். நேற்று இரவு விளக்கை அணைத்த பிறகுதான் தெரிந்தது, அந்த மூன்று வாரத்தில் ஒரே ஒரு தடவைகூட, ஒருவேளை நான் போட்டிருந்தால் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளத் துணியவில்லை.

ஆகவே உன்னைக் கேட்கிறேன். இந்த ஒரு வருஷத்தில் என்னிடம் நீ என்ன பார்த்தாய்? சொன்னதையே மறுபடி சொல்கிறேனா? யாரையாவது வேறு பெயரில் கூப்பிட்டேனா? அடுப்பை அணைக்காமல் விட்டேனா? எந்த நாள், என்ன நடந்தது, உனக்கு நினைவிருக்கிற வரையில் எழுது. ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லை என்று எழுது. ஆனால் எனக்காகக் குறைத்து எழுதாதே. இந்த முறை மோந்து பார்த்துவிட்டுச் சொல்லாதே. படித்ததும் எனக்குக் கோபம் வரும். வந்தாலும் கடைசி வரை படிப்பேன். இதை உன்னிடம் மட்டும்தான் கேட்க முடியும்.

நேரில் வந்து சொல்ல வேண்டாம். நான் குறுக்கே பேசுவேன், நீ என் முகத்தைப் பார்த்து மாற்றிச் சொல்லுவாய். எழுதி, கதவுக்கு அடியில் போட்டுவிடு. நான் இங்கேதான் இருக்கிறேன்.

தயவுசெய்து எழுத்தில் பதில் தா.

அன்வரி